எங்களோடு பாண்டிக்கு வந்த கீசர்

எனக்கு வேலையே அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு. யார் எதைச் செய்து முடித்தாலும் அதற்கு ஒரு பட்டியல் வைத்து, வரிவரியாக டிக் அடித்து, அடிக்காமல் விட்ட வரிக்கு விளக்கம் கேட்டு மெயில் போடுவேன். இதற்கெல்லாம் ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை என் மனைவியால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. "இதைத்தானே வீட்டுல சும்மாவே செய்றீங்க" என்பாள்.

உண்மைதான். தொம்மலூரில் பழைய ஊருக்குள் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். வாசல் கதவின் உட்புறம் 'வெளியூர் கிளம்பும் முன்' என்று தலைப்புப் போட்டு முப்பத்தோரு வரிகள் கொண்ட தாளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தேன். கேஸ் சிலிண்டர், பால் பாக்கெட் நிறுத்தம், பால்கனிக் கதவின் மேல் தாழ், கீழ் தாழ் என்று போகும். முப்பத்தோராவது வரி, 'முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கவும்'. வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு என் மனைவியைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி கீசர். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் ஓரமெல்லாம் வெள்ளை படிந்திருக்கும். போன வருடம் ஒரு பிளம்பர் வந்து கீசரைக் கழற்றி உள்ளேயிருந்து கை நிறைய உப்புக் கட்டியை எடுத்துக் காட்டினார். "வால்வு அடைச்சிக்கினு இருக்குது சார். தானா அணையறதும் வீக்கு. ஆன்ல வுட்டுட்டு மட்டும் ஊருக்குப் போயிடாதீங்க. வந்து பாத்தா பாத்ரூம் இருக்காது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புதுசு வாங்கிவிடலாம் என்றாள் மனைவி. ஒழுங்காகப் பயன்படுத்தினால் பழையதே போதும் என்றேன் நான். ஒழுங்கு என்றால் என்ன என்பதை விளக்க ஆரம்பித்து, தட்டில் இருந்த உப்புமா ஆறிக் கட்டியாகும்வரை பேசினேன். அதோடு விட்டேனா? ஜனவரியில் ஒரு நாள் அவள் அவசரமாகப் பள்ளிக்கூடம் கிளம்பியபோது கீசரை அணைக்க மறந்துவிட்டாள். ஆசிரியை அவள். பத்து நிமிடத்தில் ஞாபகம் வந்து பாதி வழியிலிருந்து ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து அணைத்தாள். அதை அவளே வாய்விட்டு என்னிடம் சொன்னாள், பாவம். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மாமியாருக்குக் கடைசி நாலு வருடம் மறதி நோய். எங்களோடுதான் இருந்தார். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிடுவார், குழாயைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார், பெற்ற மகளையே 'நீங்க யாரும்மா?' என்று கேட்பார். எல்லாவற்றையும் என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். பள்ளி விடுமுறை ஒன்றுகூட அவளுக்கு விடுமுறையாக இருந்ததில்லை. போன வருடம் அவர் காலமான பிறகு இவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எதை அணைத்தாலும், எதைப் பூட்டினாலும், "அணைச்சாச்சு", "பூட்டியாச்சு" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொள்வாள். தன் அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தே இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள்தான் பாண்டிச்சேரி போகலாம் என்றாள். "நாலு நாளுங்க. யாரோட காதுகுத்தும் இல்லாம, யாரோட கருமாதியும் இல்லாம, சும்மா கடலைப் பாத்துக்கிட்டு உக்காரணும். விடியறதை ஒரு தடவை கடல்ல பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு." கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். நானும் பெரிய மனது பண்ணிச் சரி என்றேன்.

இதற்கு நடுவில் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருந்தாள். கீசருக்கு ஒரு வைஃபை பிளக் மாட்டிவிட்டாள். போனிலிருந்தே போடலாம், போனிலிருந்தே அணைக்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி கேப் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் "இப்ப பாருங்க, வீட்டுல கீசரைப் போடறேன்" என்று போட்டுக் காட்டுவேன். அந்த நேரத்தில் வீட்டில் குளிக்க ஆளே இருக்காது. உடனே அணைத்தும் காட்டுவேன். அந்த மனிதர் நாலாம் நாளிலிருந்து முன் சீட்டில் உட்கார ஆரம்பித்தார்.

பட்டியலையும் திருத்தினேன். அதுதான் போனுக்குள் வந்துவிட்டதே என்று கீசர் வரியை நீக்கினேன். அந்த இடம் காலியாக இருந்தால் பட்டியல் முப்பதாகக் குறைந்துவிடுமே என்று, இடி மின்னலை உத்தேசித்துப் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். 'வைஃபை பெட்டியை அணைக்கவும்.' இதை எழுதியவனுக்கு மாதாமாதம் தரக் கட்டுப்பாட்டுக்குச் சம்பளம் வருகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கீழ் வீட்டு ஓனரம்மா சாவி கேட்டார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம், பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும். "ஒரு சாவி கொடுத்துட்டுப் போங்க சார். ஏதாவது ஆயித்துன்னா பாக்கலாம்."

"ஒண்ணும் வேண்டாம்மா. எல்லாம் போன்லயே தெரியும்."

"போன்ல பாத்ரூம் தெரியுமா சார்?"

அசடு வழியச் சிரித்துவிட்டு மாடியேறிவிட்டேன். சாவியை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை. கீழே கேட் பக்கத்தில் இருக்கும் எங்கள் மீட்டர் பெட்டிக்குக்கூட நானே ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருந்தேன். அந்தச் சாவியும் என் கொத்தில்தான்.

மறுநாள் விடிகாலையில் படுக்கையில் கிடந்தபடியே போனைத் தட்டிக் கீசரைப் போட்டேன். முதலில் நான் குளித்தேன், பிறகு அவள். அவள் குளிக்கும்போது நான் பட்டியலோடு வீடு முழுக்கச் சுற்றி, சிலிண்டர் முதல் வைஃபை பெட்டி வரை எல்லாவற்றையும் அணைத்து முப்பத்தோரு டிக்கும் அடித்துவிட்டேன். மனசு நிறைந்திருந்தது.

கிருஷ்ணகிரியில் பஸ் டிபனுக்கு நின்றபோதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். 'இணைப்பில் இல்லை. கடைசி நிலை: ஆன்' என்று இருந்தது. அணைக்கிற பட்டனை அழுத்தினேன். ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

"கீசர் ஆன்ல இருக்குது" என்றேன்.

மனைவி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "இல்லைங்க. நான்தானே கடைசியா குளிச்சேன். வெளிய வரும்போது சுவத்து சுவிட்சையே அணைச்சேன். அணைச்சாச்சுன்னு சொல்லிக்கிட்டுதான் வந்தேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"நூத்துக்கு நூறு?"

அவள் சட்னியைத் தொட்டுக்கொண்டாள். நான் போனைப் பார்த்தேன். கடைசி நிலை: ஆன்.

செங்கம் தாண்டும்போது மகளுக்குப் போன் போட்டேன். "ரவுட்டரை அணைச்சிட்டா அந்த பிளக் எப்படிப்பா பேசும்? நீங்க காலையில போட்டதைத்தான் அது இன்னும் சொல்லிட்டிருக்கு. அம்மா அணைச்சேன்னு சொன்னா அணைச்சிருப்பாங்கப்பா" என்றாள். தெளிவான விளக்கம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கு அதில் 'அணைச்சிருப்பாங்க' என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. இருப்பாங்க என்றால் என்ன அர்த்தம்? என் ஆபீசில் யாராவது அப்படி மெயில் எழுதினால் நான் விடுவேனா?

திருவண்ணாமலையில் ஓனரம்மாவைக் கூப்பிட்டு, மீட்டர் பெட்டியில் இருக்கும் எங்கள் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். "மீட்டர் பொட்டி பூட்டியிருக்கே சார். யார்கிட்டயாவது சுத்தி வாங்கி உடைக்கட்டா?" என்றார். ஷாக் அடித்துத் தொலைக்கப்போகிறது என்று பயந்து வேண்டாம் என்றேன். புதுப் பூட்டாயிற்றே என்று ஒரு எண்ணமும் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். "சும்னே டென்ஷன் ஆகாதீங்க சார். அக்கா அணைச்சிருப்பாங்க" என்றார் அவரும். ஆக, ஊரில் எல்லோருக்கும் என் மனைவி மேல் நம்பிக்கை இருந்தது. கட்டிக்கொண்டவனைத் தவிர.

செஞ்சி வருவதற்குள் அதே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டுவிட்டேன். சுவிட்சில் சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்தாயா? எந்தக் கையால் அணைத்தாய்? முதலில் கதவா, சுவிட்சா? முதல் மூன்றுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவள் அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாண்டியில் கடற்கரைச் சாலைக்கு அடுத்த தெருவில் ரூம். பையை வைத்த கையோடு கடலுக்குப் போனோம். அவள் கருங்கல் பாறை ஒன்றில் உட்கார்ந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்தாள். நான் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். அலை அடிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஓனரம்மா வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற மாதிரியே கேட்டது. "இப்ப கொதிச்சு ஒன்பது மணி நேரம் ஆயிருக்கும்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றது உங்களுக்குப் பெருசா, அது சொல்றது பெருசா?"

"அப்படி இல்லம்மா. பதிவுன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதே அவளுடைய பெருந்தன்மை.

மறுநாள் காலை விடியலைப் பார்க்க அவள் எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தபோது நான் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். "போய்ப் பாத்துட்டு நாளைக்கு வந்துடறேன்" என்றேன். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் நானும் வருகிறேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் சீப்பை வைத்துவிட்டுத் தலையை முடிந்துகொண்டாள். பிறகு தண்ணீர் பாட்டிலை நிரப்பி என் பையில் சொருகி, "பாத்துப் போங்க" என்றாள். அவள் கிழக்கே கடலுக்குப் போனாள், நான் மேற்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் ஓனரம்மாவிடம் சொல்லப்போகிற மன்னிப்பை மனசுக்குள் எழுதித் திருத்திக்கொண்டே வந்தேன். தொம்மலூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தபோது ஓனரம்மா கேட்டில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "ஏனு சார், அதுக்குள்ள வந்துட்டீங்க? அக்கா எல்லி?" என்று அக்காவைத் தேடி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் படியேறினேன்.

குளியலறைச் சுவிட்ச் அணைந்திருந்தது. விளக்கு எரியவில்லை. தரை காய்ந்து கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறிக் கீசரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

இந்த இடத்தில் ஒரு யோக்கியனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மணி நேரம் பஸ்ஸில் இடுப்பொடிய வந்தவனுக்காக ஒரு சொட்டுத் தண்ணீராவது ஒழுகியிருக்கக் கூடாதா? ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை, அதற்குள் போன் அடித்தது. மனைவி.

"போய்ச் சேந்தீங்களா? என்னங்க ஆச்சு?" குரல் உற்சாகமாக இருந்தது. பின்னால் அலைச் சத்தம். அவளுக்குப் பதில் தெரியும். நான் என் வாயால் சொல்வதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள், அதோடு விட்டுவிடுவாள்.

"ஆன்லதான் இருந்துது" என்றேன். "நல்லவேளை வந்தேன்."

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கடுத்து வந்ததெல்லாம் யோசித்துச் சொன்னதுதான். சுவரெல்லாம் சூடு என்றேன். வால்விலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது என்றேன்.

"நான் அணைச்சேனேங்க" என்றாள் மெதுவாக. "சொல்லிக்கிட்டுதானே வந்தேன்."

"சொல்லியிருப்ப. அணைச்சிருக்க மாட்ட."

"ஓ" என்றாள். போனை வைத்துவிட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று காபி போட்டேன்.

காபி குடித்து முடிப்பதற்குள் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா ரூம்ல உக்காந்து அழுதுட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில பெங்களூருக்கு பஸ் டிக்கெட் போடச் சொல்றாங்க. பாட்டிக்கும் இப்படித்தாண்டி ஆரம்பிச்சுது, அணைச்சேன் அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவாங்கன்னு சொல்றாங்க. எந்த டாக்டர்கிட்ட காட்டறதுன்னு கேக்கறாங்க. என்னப்பா நடந்தது? நிஜமாவே ஆன்ல இருந்துதா?"

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் கையில் எடுத்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. அந்த நிமிடம் என்னை எனக்கே பிடிக்கவில்லை. மகளிடம் "வை, அம்மாவைக் கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தாறு முறை அடித்த பிறகு எடுத்தாள். "இங்க பாரு" என்றேன். "ஆஃப்லதான் இருந்துது."

"எது?"

"கீசர். நீ சொன்ன மாதிரியேதான். சுவத்து சுவிட்சே அணைஞ்சிருந்துது. டேங்க் ஜில்லுனு கிடக்குது. நான் பொய் சொன்னேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எதுக்குங்க?" என்றாள்.

"அசிங்கமா இருந்துது. நீ சிரிப்பியேன்னு."

"எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுங்க" என்றாள். "மத்தியானம் சாப்பிட்டேனா இல்லையான்னு பில்லை எடுத்துப் பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஏதேதோ உளறினேன். சுவிட்சைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

"வேணாம். நான் அணைச்சது எனக்குத் தெரியும்."

"காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன்."

"வராதீங்க" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்குது. நான் இருந்துட்டு வரேன்."

பாண்டிக்காகப் போட்ட லீவில் அந்த இரண்டு நாளும் வீட்டிலேயே இருந்தேன். கீசரைப் போடக் கை வரவில்லை. பச்சைத் தண்ணீரிலேயே குளித்தேன். டிசம்பர் மாதப் பெங்களூரில் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஓனரம்மா ஒரு நாள் பிசிபேளா பாத் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் பரவாயில்லை. மனைவி கூப்பிடவில்லை. இரண்டாம் நாள் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். அம்மா அவளுக்கு அனுப்பியது. புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை காலில் மோதும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். யார் எடுத்தது என்று கேட்டேன். சேலத்துக்காரக் குடும்பம் ஒன்று பழக்கமாகிவிட்டதாம். அவள் அப்படிச் சிரித்து நான் போட்டோ எடுத்ததே இல்லை. நான் எடுக்கும்போது, தலையைச் சாய், முந்தானையைச் சரி பண்ணு என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தாள். முகம் கறுத்திருந்தது, மூக்கு நுனி உரிந்திருந்தது. பையை வாங்கிக்கொண்டேன். சாதம் வடித்து ரசம் வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து அவளே இரண்டு தட்டிலும் பரிமாறினாள்.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துது. மூணு நாளும் சூரியன் வரதைப் பாத்தேன். ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இல்லைங்க." அப்பளத்தை உடைத்து என் தட்டில் வைத்தாள். "அடுத்த வருஷம் பாப்பாவும் நானும் போறோம். அவகிட்ட பேசிட்டேன்."

"நானு?"

"நீங்க வீட்டைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சமாதானம் செய்துவிடலாம் என்று நினைத்துத்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் கோபமே இல்லை.